கால் காக்கும் கணக்கு

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் உழவர்களும் கலந்துகொண்ட பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், பள்ளிக் கட்டிடம் ஆகியவற்றைப் பற்றியே வழக்கமாகப் பேசும் இம்மேடையில், இன்று நாம் மனிதனின் கால்களைப் பற்றிப் பேச எண்ணுகிறோம். உழவுத் தொழிலுக்கு வேண்டிய மூலதனம் எவை என்று கேட்டால், நிலம், நீர், விதை, எரு என்று பட்டியல் கூறுவோம். அப்பட்டியலில் எழுதப்படாத மூலதனம் ஒன்று உண்டு. உழவரின் இரு கால்களே அவை. வரப்பில் நடக்க இயலாதவர் மடை திறக்க இயலாது. களத்தில் நிற்க இயலாதவர் கதிர் அடிக்க இயலாது. காலை இழந்தவரின் குடும்பம் ஒருவரின் உழைப்பை இழப்பதோடு, அவரைப் பேணுவதற்காக மற்றொருவரின் உழைப்பிலும் ஒரு பகுதியை இழக்கிறது.

நாம் மருத்துவர் அல்லோம். நோயை அறிந்து மருந்து கூறுவது மருத்துவரின் கடமை. ஆயினும், ஒரு வேலைக்கு என்ன செலவு, அதனால் விளையும் பயன் என்ன, அப்பயன் எத்தனை காலம் நிற்கும் என்று ஒப்பிட்டுப் பார்த்தல் ஊராட்சிப் பணியில் ஈடுபட்டோர் அனைவருக்கும் நாள்தோறும் பழகிய செயலே. காலில் இரத்த ஓட்டம் குறையும் நோய்க்கு உள்ள சிகிச்சைகளுக்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்ப்பது இவ்வுரையின் நோக்கமாகும்.

நோயின் இயல்பு

ஏரிப் பாசனத்தை அறிந்தோருக்கு இந்நோயை விளக்குதல் எளிது. இதயம் தலைமடை, பாதம் கடைமடை. தலைமடையிலிருந்து இரத்தத்தைக் கொண்டு செல்லும் வாய்க்கால்களுக்குத் தமனிகள் என்று பெயர். நாட்பட நாட்பட இத்தமனிகளின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணமும் படிந்து வழி குறுகும். வாய்க்கால் தூர்ந்தால் முதலில் காய்வது கடைமடை வயலே அன்றோ? அவ்வாறே தமனி குறுகியதும் முதலில் துன்புறுவது காலே.

உட்கார்ந்திருக்கும்போது தசைக்குச் சிறிது இரத்தமே போதும்; வலி தோன்றாது. நடக்கும்போது தேவை பன்மடங்காகிறது. குறுகிய வழி அதைத் தர இயலாமையால் கெண்டைக்கால் இறுகி வலிக்கும். நின்றால் சில நிமிடங்களில் வலி மறையும். மீண்டும் அதே தூரம் நடந்தால் மீண்டும் வரும். இதுவே இந்நோயின் தனி அடையாளம். 1831-ஆம் ஆண்டில் பூலே என்னும் பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் வண்டிக் குதிரையொன்றில் இவ்வகை நொண்டலை விவரித்தார். 1858-இல் சார்க்கோ என்னும் மருத்துவர் மனிதரிடத்தும் அதனைக் கண்டு எழுதினார். மாடு நொண்டினால் அன்றே கவனிக்கும் நாம், நமது கால் நொண்டினால் மட்டும் ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி விட்டுவிடுகிறோம்.

இந்நோயின் தலையாய காரணங்கள் புகையிலை, நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்தத்தில் மிகுந்த கொழுப்பு ஆகியவை. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த சென்னை நகர ஆய்வொன்றில், நீரிழிவு இல்லாதவர்களில் நூற்றுக்கு 2.7 பேருக்கும், நீரிழிவு உள்ளவர்களில் நூற்றுக்கு 6.3 பேருக்கும் இந்நோய் காணப்பட்டது. தமிழ்நாட்டில் நீரிழிவு உடையோர் நூற்றுக்கு 14.4 பேர் என்பது 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு கூறும் கணக்கு. எனவே இது பட்டணத்து நோய் என்று கிராமத்தார் ஒதுங்கியிருத்தல் இயலாது.

நாற்பது, ஐம்பது வயதுக்குள்ளேயே விரல்கள் கறுத்துவிடும் மற்றொரு நோயும் உண்டு. 1908-இல் அதனை விரிவாக ஆராய்ந்த பியூர்கர் என்பவரின் பெயரால் அது வழங்கப்படுகிறது. பெரும்பாலும் புகையிலை பழகிய ஆடவரையே அது பற்றும். பீடி புகைக்கும் உழைப்பாளிகளிடையே நம் நாட்டில் இது நெடுங்காலமாகக் காணப்பட்டு வருகிறது.

ஓர் எச்சரிக்கையையும் இங்கேயே கூறிவிடுதல் நலம். கால் வீங்கி, நரம்பு புடைத்துச் சுருண்டு தோன்றுவது வேறு நோய். அங்கே பழுதானவை இரத்தத்தை மேலே திரும்பக் கொண்டு செல்லும் சிரைகள். அந்நோய்க்கு இறுக்கமான காலுறை அணிவிப்பர். அது நன்மை தரும். தமனி கடுமையாக அடைபட்ட காலுக்கு அதே காலுறையை அணிந்தால் உள்ள இரத்தமும் குறைந்து கேடு விளையும். ஆகவே, அடுத்த வீட்டுக்காரருக்கு நன்மை செய்தது என்று கேட்டு எதையும் வாங்குதல் ஆகாது.

அளந்து பார்த்தல்

எந்த வேலைக்கும் மதிப்பீடு போடுமுன் அளவெடுத்தல் வேண்டும். காலுக்கும் அத்தகைய அளவை ஒன்று உண்டு. கணுக்காலில் உள்ள இரத்த அழுத்தத்தைக் கையில் உள்ள அழுத்தத்தால் வகுப்பர். கையில் 140, கணுக்காலில் 70 எனில் விடை 0.5. இவ்விடை 0.9-க்குக் குறைந்தால் அடைப்பு உண்டு என்றும், 0.4-க்கும் கீழே சென்றால் நிலைமை கடுமை என்றும் மருத்துவர் கொள்வர். நீரிழிவு நாட்பட்டவர்களுக்குத் தமனி கெட்டிப்பட்டிருக்குமாதலால், அளவு உண்மையைவிட மிகுதியாகக் காட்டலாம்; அதற்கு வேறு சோதனைகள் உள. இவ்வளவை எடுக்கக் கத்தியும் வேண்டா, ஊசியும் வேண்டா. இதனைக் கூடப் பார்க்காமல் பெருஞ்செலவுக்குக் கையெழுத்திடுதல், அளவெடுக்காமல் ஒப்பந்தம் விடுவதற்கு ஒப்பாகும்.

செலவில்லாத சிகிச்சைகள் இரண்டு

முதலாவது, புகையிலையை அறவே விடுதல். இதற்குச் செலவில்லை என்பது மட்டுமன்று, வரவே உண்டு. ஒருவர் நாளொன்றுக்கு 20 ரூபாய் பீடிக்குச் செலவிடுகிறார் எனக் கொண்டால், ஆண்டுக்கு 7,300 ரூபாய் மீதியாகும். பயனோ பெரிது. பியூர்கர் நோயில் புகையிலையை முற்றிலும் விட்டவருக்கு நோய் பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடுகிறது. விடாதவர் விரல், பாதம், கால் என்று ஒவ்வொன்றாக இழக்க நேரிடுகிறது. அறுவை செய்துகொண்டவரும் புகைத்தலைத் தொடர்ந்தால், புதிதாக அமைத்த இரத்தவழி அடைபடும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது. இலட்சக் கணக்கில் செலவிட்ட வாய்க்காலைப் பீடியால் தூர்ப்பது போன்றதே அது. விட முயல்வோர்க்கு 1800 112 356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் ஆலோசனை கிடைக்கும்.

இரண்டாவது, முறையான நடைப்பயிற்சி. ‘நாள் முழுதும் வயலில் நடக்கிறோமே, தனியே நடை எதற்கு?’ என்று உழவர் கேட்பது இயல்பே. வேலைக்காக நடப்பவர் வலி தோன்றுமுன் நின்றுவிடுகிறார். அல்லது சிறிது நடந்து, குனிந்து, நின்று பொழுதைக் கழிக்கிறார். மருத்துவர் கூறும் நடை வேறு. வலி தோன்றி ஓரளவு வலுக்கும் வரை நடத்தல் வேண்டும். பின் நின்று, வலி முழுதும் நீங்கிய பின் மீண்டும் நடத்தல் வேண்டும். இவ்வாறு ஒரு வேளைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரத்தில் மூன்று நாட்களேனும், மூன்று மாதங்களுக்குக் குறையாமல் செய்தல் வேண்டும். இதனால் அடைப்பு கரைவதில்லை. தசை, கிடைக்கும் இரத்தத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்தப் பழகுகிறது. சுற்றியுள்ள சிறு கிளை வாய்க்கால்களும் வேலை செய்யத் தொடங்குகின்றன.

இதன் பயனை அளந்தும் இருக்கிறார்கள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, பயிற்சி செய்தோர் வலியின்றி நடக்கும் தூரம் சராசரியாக 82 மீட்டரும், நடக்க முடிந்த மொத்தத் தூரம் 120 மீட்டரும் கூடின. 120 மீட்டர் என்பது சிறிதாகத் தோன்றலாம். இருநூறு மீட்டரில் நின்றுவிடும் ஒருவருக்கு, தம் வயலின் மறுகரைக்குச் செல்வதற்கும் செல்லாமைக்கும் உள்ள வேறுபாடு அதுவே.

நீரிழிவு உடையோர் பயிற்சி தொடங்குமுன் மருத்துவரிடம் பாதத்தைக் காட்டுதல் வேண்டும். காலில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலுடன் நடத்தலாகாது. புண் உள்ளவர் அது ஆறும் வரை இப்பயிற்சியைச் செய்தலாகாது.

சிறு செலவும் நடுத்தரச் செலவும்

அடுத்து மாத்திரைகள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின், நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உரிய மருந்துகள் ஆகியவை அரசு மருத்துவ நிலையங்களில் விலையின்றிக் கிடைப்பவை. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் மூலம், நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள் வீடு தேடியும் வருகின்றன. இம்மருந்துகளால் நடக்கும் தூரம் பெரிதும் கூடாமையால், ‘பயனில்லை’ என்று இடையில் நிறுத்துவோர் பலர். அவற்றின் முதற்பயன் வேறு. காலில் அடைப்பு உள்ளவருக்கு இதயத்திலும் மூளையிலும் அடைப்பு இருக்கும் வாய்ப்பு மிகுதி. நடக்கும்போது மட்டும் வலி உடையோரில் நூற்றுக்கு 70 முதல் 80 பேருக்கு ஐந்தாண்டுக் காலத்தில் கால் ஏறத்தாழ அந்நிலையிலேயே இருக்கிறது. அவர்களை அச்சுறுத்துவன மாரடைப்பும் பக்கவாதமுமே. உயிரைக் காப்பதற்கென்று அம்மாத்திரைகளை நாள் தவறாமல் உட்கொள்ளுதல் வேண்டும். எவருக்கு எது ஏற்றது என்பதை மருத்துவரே கூறுதல் வேண்டும்.

நடக்கும் தூரத்தைக் கூட்டுவதற்கென்றே சிலோஸ்டசால் என்னும் மருந்து உண்டு. 2021-இல் வெளிவந்த தொகுப்பாய்வின்படி, வலியின்றி நடக்கும் தூரம் அதனால் சராசரி 26 மீட்டரும், மொத்தத் தூரம் ஏறத்தாழ 40 மீட்டரும் கூடின. நடைப்பயிற்சியின் பயனோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள்: மூன்றில் ஒரு பங்கு. இதய வலுக்குறைவு உடையோருக்கு இம்மருந்து கூடவே கூடாது. விலைக்கேற்ற பயன் இல்லையென்று 2011-இல் இங்கிலாந்தின் மருத்துவ மதிப்பீட்டு நிறுவனம் இதனைப் பரிந்துரைக்கவில்லை. பென்டாக்சிபிலின் என்னும் பழைய மாத்திரையும், சுண்ணத்தைக் கரைப்பதாகக் கூறி நரம்பில் ஏற்றும் கீலேஷன் என்னும் மருந்தும் இந்நடை வலிக்குப் பயன் தருவனவல்ல என்று 2016-ஆம் ஆண்டின் அமெரிக்க இதய மருத்துவ வழிகாட்டி கூறுகிறது. பையில் உள்ள பணத்தை இவற்றில் இறைத்தல் ஓட்டைக் குடத்தில் நீர் மொள்ளுதலாகும்.

பெருஞ்செலவுச் சிகிச்சைகள்

இவை இருவகை. ஒன்று, தமனிக்குள் மெல்லிய குழாயைச் செலுத்தி, சிறு பலூனை விரித்து வழியை அகலப்படுத்துவது. தேவையாயின் ஸ்டென்ட் என்னும் கம்பிக் கூட்டை அங்கே பொருத்துவது. 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லண்டு நகரில் டாட்டர் என்னும் மருத்துவர், காலை வெட்டச் சம்மதியாத 82 வயது மூதாட்டி ஒருவருக்குக் குழாய் செலுத்தி வழியை விரித்து அவர் காலைக் காத்தார். பலூன் பின்னாளில் வந்த திருத்தம். மற்றொன்று, நோயாளியின் சிரையையே எடுத்து அடைப்பைச் சுற்றி மாற்று வாய்க்கால் அமைக்கும் அறுவை. இதனைப் பாரிசில் குன்லின் என்பவர் 1940-களின் இறுதியில் தொடங்கி வைத்தார். தனியார் மருத்துவமனைகளில் இவற்றின் செலவு இலட்ச ரூபாயைத் தாண்டுவது உண்டு.

இவ்வளவு செலவிட்டால் இவ்வளவு பயன் வருமா என்பதே கேள்வி. நடந்தால் மட்டும் வலிக்கும் நோயாளிகள் 111 பேரைக் கொண்டு அமெரிக்காவில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு விடை கூறுகிறது. ஆறு மாதங்களுக்குப் பின், நடக்க முடிந்த நேரம் மருந்து மட்டும் பெற்றோருக்கு 1.2 நிமிடமும், ஸ்டென்ட் பொருத்தப் பெற்றோருக்கு 3.7 நிமிடமும், மேற்பார்வையுடன் நடைப்பயிற்சி செய்தோருக்கு 5.8 நிமிடமும் கூடின. ஸ்டென்ட் பெற்றோர் தம் அன்றாட நலம் மிகுதியாகத் தேறியது என்று கூறியதையும் மறைத்தலாகாது. ஆயினும், தொடையில் பொருத்திய ஸ்டென்ட் ஓரிரு ஆண்டுகளில் மீண்டும் குறுகுதல் அரிதன்று; அப்போது மீண்டும் செலவு. இங்கிலாந்தின் 2012-ஆம் ஆண்டு வழிகாட்டியும், முதலில் மேற்பார்வையுடன் கூடிய நடைப்பயிற்சி, அது போதாதபோதே பலூன் என்று வரிசைப்படுத்தியது.

எனவே, நடந்தால் மட்டும் வலிக்கும் காலுக்காக நிலத்தை அடகு வைக்க அவசரப்படுதல் வேண்டா. இரண்டு இலட்சம் ரூபாயை நூற்றுக்கு மாதம் இரண்டு ரூபாய் வட்டிக்கு வாங்கினால், மாத வட்டி 4,000. ஆண்டு வட்டி 48,000. அசல் அப்படியே நிற்கும். மூன்று மாத நடையால் பெறத்தக்க பயனுக்கு இவ்விலை கொடுக்கலாமா என்று குடும்பத்தார் அனைவரும் கூடி எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தாமதிக்கக் கூடாத கால்

இக்கணக்கு முற்றிலும் தலைகீழாகும் நிலையும் உண்டு. அதனை நீங்கள் மறவாதிருத்தல் வேண்டும். படுத்திருக்கும்போதே பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் வலி குறைதல். இரண்டு வாரமாகியும் ஆறாத புண். விரல் கறுத்தல் ஆகியவை கடைமடை முற்றிலும் காய்ந்துவிட்டதன் அடையாளங்கள். இந்நிலையில் நடைப்பயிற்சி போதாது. எண்ணெயும் பச்சிலையும் போதா. வெந்நீர் ஒத்தடமும் நெருப்புச் சூடும் உணர்ச்சியற்ற காலை வேகவைத்துவிடும். இரத்தவழியைத் திறவாவிடின், ஓராண்டுக்குள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் காலை இழக்கிறார் என்பது மருத்துவ நூல்களில் வழங்கும் கணக்கு. இங்கே பெருஞ்செலவுச் சிகிச்சையே சிக்கனமான சிகிச்சை. ஒரு வாரத் தாமதம் ஒரு விரலையும், ஒரு மாதத் தாமதம் ஒரு காலையும் கொண்டுபோகலாம். கால் திடீரென்று வெளுத்துக் குளிர்ந்து மரத்துப் போனாலோ, அது சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டிய ஆபத்து. உடனே 108 ஊர்தியை அழைத்தல் வேண்டும்.

பலூனா, அறுவையா என்ற வினாவுக்கு எல்லாக் காலுக்கும் ஒரே விடை இல்லை. 452 நோயாளிகளைக் கொண்ட பிரிட்டிஷ் ஆய்வு 2005-இல், தொடக்க மாதங்களில் இரண்டும் ஏறத்தாழச் சமம் என்றும், முதலாண்டில் அறுவையின் செலவு மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு மிகுதி என்றும் கண்டது. 1,830 பேரைக் கொண்ட 2022-ஆம் ஆண்டு ஆய்வில், நல்ல சிரை உள்ளவருக்கு அறுவை மேல் என்று தோன்றியது. 345 பேரைக் கொண்ட 2023-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் ஆய்வில், முழங்காலுக்குக் கீழும் வழி திறக்க வேண்டியவருக்குப் பலூன் முறை மேல் என்று தோன்றியது. ஆதலால் இதனை இரத்தக் குழாய் அறுவை நிபுணரே முடிவு செய்தல் வேண்டும். சென்னை இராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித் துறை உண்டு. 2012 ஜனவரியில் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை உதவுகிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மேற்படாதோர் அதில் சேரலாம். கால் கறுத்த பின் அட்டைக்கு அலைவதைவிட, கால் நன்றாக இருக்கும்போதே அட்டையைப் பெற்று வைத்தல் அறிவுடைமை.

ஊராட்சி செய்யத்தக்கவை

இதில் ஊராட்சிக்கு என்ன பணி என்று கேட்பீர்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. அவற்றுள் ஒன்றிலேனும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அழைத்து, நீரிழிவு உடையோரின் பாதங்களைப் பார்க்கச் செய்யலாம். நடப்பதற்கு ஏற்ற சமமான பாதை ஒன்றை ஏரிக்கரையிலோ பள்ளி மைதானத்திலோ ஒதுக்கி, நூறு மீட்டருக்கு ஒரு கல் நாட்டி, இடையிடையே அமரத் திண்ணை அமைக்கலாம். தனியே நடப்பவர் பத்து நாளில் விட்டுவிடுவார். நால்வர் கூடி நடந்தால் மூன்று மாதமும் நடப்பர். மேற்பார்வையுடன் கூடிய பயிற்சி என்று மேல்நாட்டார் பணம் கொடுத்துப் பெறுவதில் பெரும்பகுதி இந்தக் கூட்டுறவே. 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம் பள்ளியைச் சுற்றி 100 கஜத்துக்குள் புகையிலை விற்பதையும், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் தடை செய்கிறது. அதனை ஊரில் நடைமுறைப்படுத்துவது நாளைய கால்களைக் காப்பதாகும்.

சுருங்கக் கூறின், நடந்தால் மட்டும் வலிக்கும் காலுக்குப் புகையிலையை விடுங்கள், முறையாக நடங்கள், மாத்திரையைத் தவறாதீர்கள், மூன்று மாதம் பொறுங்கள். படுத்தாலும் வலிக்கும் காலுக்கும் ஆறாத புண்ணுக்கும் ஒரு நாளும் பொறுக்காதீர்கள். மலிவானது போதுமான இடத்தில் விலையுயர்ந்ததை வாங்குபவர் நிலத்தை இழக்கிறார். விலையுயர்ந்தது வேண்டிய இடத்தில் மலிவானதை நம்பியிருப்பவர் காலை இழக்கிறார். இவ்விரண்டையும் பிரித்தறிந்து தம் ஊராருக்குச் சொல்லும் உறுப்பினர் ஒருவர் ஒவ்வொரு வார்டிலும் இருப்பாராயின், அது நம் ஒன்றியத்துக்கு ஒரு புதிய மருத்துவமனை கிடைத்ததற்கு நிகராகும். இன்று ஊர் திரும்பியதும், உங்கள் தெருவில் நின்று நின்று நடப்பவர் யாரென்று பாருங்கள். அவரை இந்த வாரத்திலேயே சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் செல்லுங்கள் என்று வேண்டி, எம் உரையை முடித்துக்கொள்கிறோம்.